உரிமமும் நிலைத்தன்மையும்: கேடிஇ பணிமேடையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. கேள்வி

கட்டற்ற மென்பொருளைப் பற்றிய பேச்சில் இரண்டு சர்ச்சைகள் ஓய்வதில்லை. இந்த நிரலை நான் மாற்றலாமா, மாற்றியதைப் பிறருக்குத் தரலாமா என்பது ஒன்று. நேற்று ஓடியது இன்றும் ஓடுமா என்பது மற்றொன்று. முதலாவதைச் சட்ட நுணுக்கம் அறிந்தவர்களும் கொள்கைப் பிடிப்புள்ளவர்களும் பேசுகிறார்கள். இரண்டாவதை, காலையில் கணினியைத் திறந்து வேலையைத் தொடங்க வேண்டியவர்கள் பேசுகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று யாரும் அதிகம் கேட்பதில்லை.

தொடர்பு இருப்பதாகக் கொள்ளும் கருத்துகளிலும் மூன்று போக்குகள் தெரிகின்றன. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனின் நிலைப்பாட்டில் சுதந்திரமே நோக்கம். தரம் குறைந்தாலும் கட்டற்ற நிரலே ஏற்கத்தக்கது. நிரலாளர் எரிக் ரேமண்ட் 1997-இல் முன்வைத்த புகழ்பெற்ற கட்டுரை இதைத் திருப்பிப் போட்டது: மூலநிரல் திறந்திருந்தால் பல கண்கள் பார்க்கும், வழுக்கள் தாமாகவே அகப்படும், எனவே திறந்த நிலையே தரத்துக்கு வழி. 2003-இல் நிரலாளர் ஜேமி ஜவின்ஸ்கி எழுதிய கசப்பான குறிப்பு இரண்டையும் ஏற்கவில்லை. தன்னார்வ நிரலாளர்களுக்குப் பழைய வழுவைத் திருத்துவதைவிட எல்லாவற்றையும் புதிதாக எழுதுவதில்தான் ஆர்வம்; மறுபடி எழுதியதும் பழைய வழு அறிக்கைகள் மொத்தமாக மூடப்படுகின்றன என்பது அவருடைய குற்றச்சாட்டு.

மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் பழைய பதிப்பைப் பராமரிப்பது யார், அவருக்குக் கூலி தருவது யார் என்பதை மூன்றுமே போதிய அளவு கேட்கவில்லை என்பது என் வாதம். அதைச் சோதிக்க லினக்ஸ் கணினிகளின் கேடிஇ பணிமேடையை எடுத்துக்கொள்கிறேன். உரிமச் சர்ச்சை, நிலைத்தன்மைச் சர்ச்சை இரண்டும் உச்சத்தில் நடந்த திட்டம் அது. நடந்தவை அனைத்தும் பொதுவெளியில் பதிவாகியும் உள்ளன.

2. க்யூடி சர்ச்சை: 1996 முதல் 2000 வரை

1996 அக்டோபர் 14 அன்று, ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் யூஸ்நெட்டில் ஓர் அழைப்பு விடுத்தார். யூனிக்ஸ் செயலிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தோற்றத்தில், ஒவ்வொரு விதமாக இயங்குகின்றன. சாதாரணப் பயனருக்கு ஒரே சீரான பணிமேடை வேண்டும் என்றார். அதற்கு அடித்தளமாக அவர் தேர்ந்தது நார்வே நாட்டு ட்ரோல்டெக் நிறுவனத்தின் க்யூடி நூலகம். பொத்தான், பட்டி, சாளரம் முதலியவற்றை வரைவதற்கு அன்று கிடைத்தவற்றுள் அது தேர்ச்சியானது. சிக்கல் அதன் உரிமத்தில் இருந்தது. லினக்ஸுக்குக் கட்டற்ற செயலி எழுதுவோர் க்யூடியை இலவசமாகப் பயன்படுத்தலாம், மூலநிரலைப் படிக்கலாம். ஆனால் அதைத் திருத்தி வெளியிடக் கூடாது.

கேடிஇ செயலிகளில் பெரும்பாலானவை ஜிஎன்யு பொது உரிமத்தில், அதாவது ஜிபிஎல்லில், வெளிவந்தன. அந்த உரிமம் செயலியோடு பிணையும் பகுதிகளும் அதே சுதந்திரத்தைத் தர வேண்டும் என்கிறது. இயங்குதளத்தோடு வழக்கமாக வரும் நூலகங்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. க்யூடி அத்தகைய நூலகமே என்று கேடிஇ தரப்பினர் வாதிட்டார்கள். க்யூடிக்காகவே நிரல் எழுதியவர் அதோடு பிணைக்க மறைமுகமாக அனுமதி தந்துவிட்டார் என்பது அவர்களுடைய இன்னொரு வாதம். லினக்ஸையும் செயலிகளையும் தொகுத்துத் தரும் வழங்கல்களில் ஒன்றான டெபியனின் குழு இரண்டையும் ஏற்கவில்லை. செயலியையும் நூலகத்தையும் ஒரே தொகுப்பில் தருபவருக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று விதியிலேயே இருக்கிறது; கேடிஇயில் பிறர் எழுதிய ஜிபிஎல் நிரல்களும் கலந்திருப்பதால் அவர்களுடைய அனுமதியைக் கேடிஇ குழு ஊகிக்க முடியாது. 1998 அக்டோபரில் டெபியன் தன் களஞ்சியத்திலிருந்து கேடிஇயை நீக்கியது. சட்ட வாசிப்பு என்ற அளவில் டெபியனின் வாதமே வலுவானது என்று கருதுகிறேன். மறைமுக அனுமதி என்பது எழுதியவர் ஒருவரே ஆனால்தான் செல்லும்.

எதிர்வினைகள் பல முனைகளில் எழுந்தன. 1997 ஆகஸ்டில் மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் முழுக்கக் கட்டற்ற மாற்றாகக் குனோம் பணிமேடையை அறிவித்தார்கள். ஹார்மனி என்ற பெயரில் க்யூடிக்கு ஒரு கட்டற்ற நகலெடுப்பு தொடங்கியது. லினக்ஸ் வழங்கல் நிறுவனமான ரெட் ஹாட் கேடிஇயை ஒதுக்கிவைத்துக் குனோமுக்குக் கைகொடுத்தது. ட்ரோல்டெக் அடுத்தடுத்து இறங்கிவந்தது. 1998 நவம்பரில் க்யூபிஎல் என்ற புதிய உரிமத்தை அறிவித்தது. அது கட்டற்றது, ஆனால் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகவில்லை. 2000 செப்டம்பரில் க்யூடி 2.2 ஜிபிஎல்லிலேயே வந்தது. அதன் பிறகும் ஸ்டால்மன் விடவில்லை. முன்பு விதியை மீறியவர்கள் ஜிபிஎல் தந்த உரிமையை இழந்துவிட்டார்கள். காப்புரிமையாளர்களிடம் அவர்கள் மன்னிப்புப் பெற வேண்டும் என்று எழுதினார். எழுத்தின்படி அது சரி. காயம் ஆறிவரும் நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்பது வேறு.

இந்த வரலாறு பெரும்பாலும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வெற்றியாகவே சொல்லப்படுகிறது. அதில் ஒரு செய்தி விடுபட்டுப் போகிறது. உரிமக் குறையுள்ள கேடிஇ 1.0, 1998 ஜூலையில் வந்தபோது ஓரளவு உறுதியாக ஓடியது. உரிமக் குறையே இல்லாத குனோம் 1.0, 1999 மார்ச்சில் வந்தபோது அடிக்கடி முறிந்து விழுந்தது. பயனர்கள் நம்பிப் பயன்படுத்தத்தக்க திருத்தத் தொகுப்பு அந்த ஆண்டு அக்டோபரில்தான் வந்தது. உரிமத் தூய்மைக்கும் நிரலின் உறுதிக்கும் நேரடி உறவு இல்லை என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது அரிது. ஒரே காலம், ஒரே பயன்பாடு, எதிரெதிர் உரிமங்கள்.

இன்னொரு முரணும் உண்டு. க்யூடி ஜிபிஎல்லுக்கு மாறியதும் புகாரின் திசை மாறியது. மூடிய செயலி எழுத விரும்பும் நிறுவனங்கள் ட்ரோல்டெக்குக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. குனோமின் ஜிடிகே நூலகத்துக்கு அந்தச் சுமை இல்லை, ஏனெனில் அது தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது. போதிய அளவு கட்டற்றது அல்ல என்று 1998-இல் ஒதுக்கப்பட்ட நூலகம், மிகக் கண்டிப்பாகக் கட்டற்றது என்று அடுத்த சில ஆண்டுகளில் ஒதுக்கப்பட்டது. ட்ரோல்டெக்கை வாங்கிய நோக்கியா 2009 மார்ச்சில் க்யூடி 4.5-ஐ எல்ஜிபிஎல்லிலும் வெளியிட்ட பிறகே அந்தப் பேச்சு அடங்கியது.

இக்காலத்தின் நிலையான விளைவாக நான் கருதுவது வேறொன்று. 1998 ஜூனில் கேடிஇ அமைப்பும் ட்ரோல்டெக்கும் சேர்ந்து கேடிஇ ஃப்ரீ க்யூடி அறக்கட்டளையை நிறுவின. க்யூடியின் கட்டற்ற பதிப்பு பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளிவராமல் நின்றால், தளர்வான பிஎஸ்டி வகை உரிமத்தில் அதை வெளியிடும் உரிமை அறக்கட்டளைக்குச் சேரும். க்யூடி அதன்பின் நோக்கியாவுக்கும், பிறகு பின்லாந்தின் டிஜியாவுக்கும், அதிலிருந்து பிரிந்த தி க்யூடி கம்பெனிக்கும் கைமாறியது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு இன்றும் செல்லுபடியாகிறது. பின்னால் வரும் விவாதத்துக்கு இது முக்கியம்.

3. நான்கு புள்ளி சுழியம்

2008 ஜனவரி 11 அன்று கேடிஇ 4.0 வெளியானது. கூகுளின் மவுண்டன் வியூ வளாகத்தில் விழா நடந்தது. அடுத்த சில மாதங்களில், கட்டற்ற மென்பொருள் உலகம் அதுவரை பார்த்திராத அளவுக்குப் பயனர் சினம் கிளம்பியது.

மறுபடி எழுதியதற்குக் காரணம் இருந்தது. 2005-இல் வந்த க்யூடி 4, க்யூடி 3-க்கு எழுதிய நிரலோடு நேரடியாகப் பொருந்தவில்லை. ட்ரோல்டெக் க்யூடி 3-ஐக் கைவிடும் நிலையில் இருந்ததால் கேடிஇ மாறித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆனால் வெறும் பெயர்ப்போடு அவர்கள் நிற்கவில்லை. பணிமேடையும் பலகையும் பிளாஸ்மா என்ற பெயரில் அடியிலிருந்து எழுதப்பட்டன. ஒலிக்கு ஃபோனான், வன்பொருளுக்குச் சாலிட் என்று புதிய அடுக்குகள் வந்தன. வரைகலை விளைவுகள் புதிய பாதையில் சென்றதால், அன்றைய என்விடியா இயக்கிகளில் சாளரங்கள் ஊர்ந்தன. பழைய பதிப்பில் பத்தாண்டுகளாகச் சேர்ந்த சின்னஞ்சிறு வசதிகளில் பல 4.0-இல் இல்லை. பழைய வீட்டை இடித்துவிட்டு, சுவர் எழும்பாத அஸ்திவாரத்தில் குடியேறச் சொன்னதுபோல இருந்தது.

கேடிஇ முன்னோடிகள் தந்த விளக்கம் கவனிக்கத்தக்கது. 4.0 என்ற எண் நிரலாளர்களுக்குத் தரப்பட்ட உறுதி. நூலகங்களின் இடைமுகம் இனி மாறாது, அதை நம்பிச் செயலி எழுதலாம். அன்றாடப் பயனர் அடுத்த பதிப்புகளுக்குக் காத்திருக்கலாம் என்றார்கள். இந்த விளக்கத்தைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. கேடிஇ நூலகங்கள் ஒரு பெரும் பதிப்பின் ஆயுள் முழுக்க இரும நிலையில் ஒத்திருக்கும் என்ற வாக்கைக் காப்பாற்றிவந்தவை. அதாவது 4.0-இல் நிலைத்தன்மை இருந்தது. நிரலாளருக்கு இருந்தது, பயனருக்கு இல்லை. நிலைத்தன்மை இல்லை என்ற ஒற்றைப் புகாருக்குள் மூன்று வெவ்வேறு புகார்கள் அடங்கியிருக்கின்றன. நிரல் முறிகிறது என்பது ஒன்று. பழகிய முறை மாறிவிட்டது என்பது மற்றொன்று. பழைய பதிப்புக்கு இனித் திருத்தம் வராது என்பது மூன்றாவது. 4.0 விவாதம் முதலிரண்டைச் சுற்றியே நடந்தது. எனக்கு மூன்றாவதுதான் கனமானதாகப் படுகிறது.

பொறுப்பு கேடிஇக்கு மட்டும் உரியதன்று. 2008 மே மாதம் வந்த லினக்ஸ் வழங்கலான ஃபெடோரா 9, கேடிஇ 3.5-ஐ விட்டுவிட்டு 4.0-ஐ மட்டுமே தன் கேடிஇயாகத் தந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் சிக்கியது அந்த வழியில்தான். 2005-இல் குனோமை விட்டுக் கேடிஇக்கு மாறச் சொன்ன அவர், 2009 ஜனவரியில் 4.0-ஐப் பேரழிவு என்று வருணித்துக் குனோமுக்குப் போனார். 2011-இல் குனோம் 3 அதே வகைக் குலுக்கலைத் தந்தபோது அதையும் விட்டு எக்ஸ்எஃப்சிஇ பக்கம் ஒதுங்கினார். லினக்ஸ் கருவை உருவாக்கியவரே பணிமேடை அகதியாக அலைந்தார் என்பது சிரிப்புக்குரிய செய்திதான். ஆனால் உட்கருத்து சிரிப்புக்குரியதல்ல: மூலநிரல் முழுதும் கையில் இருந்தும், திறமை இருந்தும், தனி ஒருவரால் ஒரு பணிமேடையைத் தனக்காக மட்டும் பராமரிக்க முடியாது.

4. பழையதில் தங்குவோர்

இங்கேதான் உரிமம் மீண்டும் நுழைகிறது. கேடிஇ 3.5 வரிசையின் கடைசி அதிகாரப்பூர்வப் பதிப்பு 2008 ஆகஸ்டில் வந்த 3.5.10. அதன் பிறகும் அது சாகவில்லை.

1998-இல் உரிமத்துக்காகக் கேடிஇயைத் தூக்கி எறிந்த டெபியன், 2009 பிப்ரவரியில் வெளியிட்ட லென்னி பதிப்பில் 3.5.10-ஐயே வைத்தது. 4.0 வந்து ஓராண்டு கடந்திருந்தது. இம்முறை டெபியனின் கண்டிப்பு நிலைத்தன்மைக்காக. ரெட் ஹாட்டின் நிறுவனப் பதிப்பு 5-இல் 3.5 வரிசைதான் இருந்தது. அந்தப் பதிப்புக்கு 2007-இலிருந்து 2017 மார்ச் வரை ஆதரவு கிடைத்தது. சந்தா கட்டிய அலுவலகம் பத்தாண்டுகள் ஒரே முகப்பில் வேலை பார்த்திருக்க முடியும். மூன்றாவது வழி டிரினிட்டி. 3.5-இன் நிரலை எடுத்து 2010-இல் தொடங்கிய அந்தத் தொடர்ச்சித் திட்டம் இன்றும் புதிய பதிப்புகளை வெளியிடுகிறது. கைவிடப்பட்ட க்யூடி 3-ஐயும் டிக்யூடி என்ற பெயரில் தானே பராமரிக்கிறது. குனோம் 2-க்கு மேட் பணிமேடை செய்ததும் இதையே.

டிரினிட்டியின் சாத்தியத்தை 1996-ஆம் ஆண்டு உரிமத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த உரிமம் நீடித்திருந்தால் க்யூடி 3-இல் ஒரு வரியைத் திருத்தி வெளியிடுவதும் விதிமீறலாகியிருக்கும். டெபியனின் பிடிவாதம் அன்று வறட்டுச் சட்டவாதமாகத் தெரிந்தது. பத்தாண்டு கழித்துப் பழைய பணிமேடையைக் காக்க நினைத்தவர்களுக்கு அதுவே வழி திறந்துவிட்டது. ஆக, உரிமம் நிலைத்தன்மையைத் தருவதில்லை. அதைத் தர முன்வருபவர் யாராயினும் அவருக்குத் தடையில்லாமல் செய்கிறது. முன்வருபவர் இல்லையென்றால் உரிமத்தால் பயனில்லை. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் 11, 12-ஆம் பிரிவுகள் இதை ஒளிக்கவில்லை: எந்த உத்தரவாதமும் கிடையாது, பழுதானால் செலவு உங்களுடையது.

ரேமண்டின் பல கண்கள் வாதம் இங்கே நொண்டுகிறது. டிரினிட்டியைப் பார்க்கும் கண்கள் சில மட்டுமே. புதிய பதிப்பில் குவியும் கண்கள் பழையதன் பக்கம் திரும்புவதில்லை.

5. பராமரிப்பே விற்பனைப் பொருளானபோது

2020 ஜனவரியில் தி க்யூடி கம்பெனி ஒரு மாற்றத்தை அறிவித்தது. க்யூடியின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கான திருத்தங்கள் இனிப் பணம் கட்டும் வாடிக்கையாளருக்கு மட்டும் கிடைக்கும். அந்த ஏப்ரலில் கேடிஇ தரப்பிலிருந்து மேலும் ஓர் எச்சரிக்கை வந்தது: எல்லாப் புதிய பதிப்புகளையும் முதல் பன்னிரண்டு மாதங்களுக்குச் சந்தாதாரருக்கு மட்டும் தர நிறுவனம் யோசிக்கிறது. அது தன் திட்டமல்ல என்று நிறுவனம் மறுத்தது. ஆனால் ஜனவரி அறிவிப்பு நடைமுறைக்கு வந்தது. 5.15.2-க்குப் பிறகான 5.15 திருத்தங்கள் 2021 தொடக்கத்திலிருந்து பொதுவெளிக்கு உடனே வரவில்லை.

கேடிஇயின் நிலை இக்கட்டானது. க்யூடி 6 அப்போதுதான் பிறந்திருந்தது. பிளாஸ்மா 5 முழுதும் 5.15-இன் மேல் நின்றது. 2021-இல் கேடிஇ தானே ஒரு திருத்தத் தொகுப்பைத் தொடங்கி, திறந்த கிளையில் வரும் திருத்தங்களை 5.15-க்குப் பின்பொருத்தி வைத்தது. வழங்கல்கள் அதையே எடுத்துக்கொண்டன. மூடிவைத்த திருத்தங்களும் ஓராண்டு கழித்துத் திறந்த உரிமத்தில் வரலாயின. அந்தப் பன்னிரண்டு மாத எல்லையையும் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பன்னிரண்டு மாதக் கெடுவையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இங்கே நிகழ்ந்த இடப்பெயர்ச்சிதான் இக்கட்டுரையின் மையம். 1996-இல் பூட்டு நிரலின்மேல் இருந்தது. 2020-இல் நிரலில் பூட்டு இல்லை; யாரும் எடுக்கலாம், திருத்தலாம். பூட்டு பராமரிப்பின்மேல் விழுந்தது. புதியதை விரும்புபவருக்கு இலவசம்; மாறாமல் இருப்பதை விரும்புபவருக்குக் கட்டணம்.

இது க்யூடிக்கு மட்டும் உரிய போக்கன்று. லிப்ரெஓபிஸ் திட்டத்தில் 2020 கோடையில் சோதனைப் பதிப்பின்மேல் தனிநபர் பதிப்பு என்ற முத்திரை தோன்றிப் பலத்த எதிர்ப்பைக் கிளப்பியது. 2021 பிப்ரவரியில் 7.1 வந்தபோது அது சமூகப் பதிப்பு என்று மாறியது. முத்திரையின் நோக்கம் எளிது: பெரிய அலுவலகங்கள் நீண்டகால ஆதரவை அத்திட்டத்தின் பங்காளி நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். உரிமத்தில் எந்த மாற்றமும் இல்லை.

இதைத் துரோகம் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய பதிப்புக்குத் திருத்தம் பொருத்துவது புகழ் தராத, சலிப்பூட்டும் வேலை. ஜவின்ஸ்கி சொன்ன காரணத்தாலேயே தன்னார்வலர் அதை ஏற்பது குறைவு. கூலி கொடுத்தால்தான் நடக்கும் வேலைக்குக் கூலி கேட்பது நியாயம். அந்தத் திருத்தங்களைப் பிறர் தாமாகச் செய்துகொள்வதையும் தடுத்தால்தான் அது துரோகம். கேடிஇயின் திருத்தத் தொகுப்பு செயல்பட்டது என்பதே தடை இல்லை என்பதற்குச் சான்று.

6. சிறு மொழிகளின் கணக்கு

நிலைத்தன்மை குலையும்போது செலவு எல்லோர்மேலும் சமமாக விழுவதில்லை. க்யூடி 3-இல் தமிழின் திஸ்கி குறியாக்கத்தை யூனிகோடுக்கு மாற்றும் கருவி ஒன்று உள்ளே இருந்தது. வெளியிலிருந்து ஒருவர் எழுதிக் கொடுத்தது. க்யூடி 6-இல் அத்தகைய பழைய மாற்றிகள் மையத்திலிருந்து நீக்கப்பட்டு, பழைய நிரல்களுக்கான தனித் தொகுதிக்கு ஒதுக்கப்பட்டன. தொழில்நுட்ப நோக்கில் அது சரியான முடிவு. 2001-இல் திஸ்கியில் தட்டச்சு செய்த கட்டுரையை இன்று திறக்க விரும்புபவருக்கு அது ஒரு கூடுதல் படி.

மொழிபெயர்ப்பில் இந்தச் சுமை இன்னும் தெளிவு. கேடிஇயின் தமிழாக்கம் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சில தன்னார்வலர்களின் உழைப்பில் தொடங்கியது. பணிமேடையை மறுபடி எழுதும்போது பட்டிகளின், அறிவிப்புகளின் வாசகங்கள் மாறும். மாறிய ஒவ்வொன்றுக்கும் பழைய மொழிபெயர்ப்பு காலாவதி. ஜெர்மன் குழுவுக்கு அது சில வார வேலை. நான்கைந்து பேர் இரவில் உட்கார்ந்து செய்யும் மொழிக்கு அது முதலிலிருந்து தொடங்குவது. பதிப்பு எண் தாவும்போது ஆங்கிலம் அறியாத பயனருக்கு என்ன ஆகிறது என்பதை 4.0 விவாதத்தில் யாரும் பெரிதாக எழுப்பியதாக நான் படித்ததில்லை.

7. மதிப்பீடு

மியூனிக் நகராட்சியின் லிமக்ஸ் திட்டத்தைக் கட்டற்ற மென்பொருளை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் தத்தம் சான்றாகக் காட்டுவது வழக்கம். 2003-இல் முடிவெடுத்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளைக் கேடிஇ முகப்புள்ள லினக்ஸுக்கு மாற்றிய நகரம், 2017-இல் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. லினக்ஸ் நிலையற்றது என்பதற்கு இதைச் சான்றாக்குவது தவறு. நகராட்சியே கேட்டுப் பெற்ற அக்சென்ச்சர் அறிக்கை, குறைகளுக்கு முதற்காரணமாகக் காட்டியது தகவல்தொழில்நுட்பத் துறைகளின் சிதறிய அமைப்பைத்தான். உரிமத்தைப் பற்றி அங்கே சச்சரவே இல்லை. யார் எதைப் பராமரிப்பது என்பதில்தான் குழப்பம்.

கேடிஇ தன் பாடத்தைக் கற்றது என்றே சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரி 28 அன்று பிளாஸ்மா 6 வந்தபோது அடித்தளம் க்யூடி 6-க்கு மாறியது; முகப்பு பெரும்பாலும் பழகியதாகவே இருந்தது. கேடிஇ 4.0-இன் புயல் திரும்பவில்லை.

அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் கட்டற்ற பணிமேடையைத் தேர்ந்தெடுக்கும்போது உரிமக் கட்டணம் மிச்சம் என்ற ஒரு வரியோடு நின்றுவிடக் கூடாது. இந்தப் பதிப்புக்கு இன்னும் ஐந்தாண்டுகள் திருத்தம் எழுதப்போவது யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது, அவர் நிறுத்திவிட்டால் வேறொருவர் தொடர உரிமம் இடம் தருகிறதா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு ஜிபிஎல் பதில் சொல்லிவிடுகிறது. முதல் இரண்டுக்கும் பதில், மிச்சமான தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்பாளருக்கு ஒதுக்குவதுதான். அந்த ஒதுக்கீடு திட்ட மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும்.